கூரை பிரித்த வீட்டில் இல்லக் கல்வி நாள்

பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு ஒரு நோய் போதும். மூடிய பள்ளிக்கூடம் நடந்துகொண்டே இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் ஒரு சபை தேவைப்படும். கம்பம் பள்ளத்தாக்கு அந்த வகையில் குறைவில்லாதது. அங்கே 'பள்ளத்தாக்கு ஆரம்பக் கல்வி அபிவிருத்திச் சபை' என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியவர் சபையில் ஒருவரும் இல்லை. தலைவர் திருவேங்கடம் அவர்கள் மட்டும் நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லி முடிப்பார். அவருக்கு வெள்ளை அரசின் ராவ் சாகிப் பட்டம் வரப்போவதாக நெடுநாளாக ஒரு வதந்தி உலவிற்று. அதைக் கிளப்பியவரும் அவரே.

அந்த ஆண்டு தை பிறந்ததும் ஓடைக்கரைப்பட்டியில் எலி விழுந்தது. நெற்குதிருக்குப் பின்னும் அடுப்பு மேட்டிலும் எலிகள் தாமாகவே செத்துக் கிடந்தால், அடுத்தபடியாக என்ன நடக்கும் என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். பிளேக் வருமுன் சுகாதார இலாகாக்காரர் வந்தனர். ஊரார் அனைவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றினர். வெயில் உள்ளே இறங்கவேண்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்து வாசலில் அடுக்கினர். கதவைப் பூட்டச் செய்து, அதன்மேல் தாரால் எண் எழுதினர். உள்ளே அடி வைப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தமுக்கு அடித்துவிட்டுப் போயினர். ஊரார் ஆற்றுக்கு அப்பால் இருந்த தென்னந்தோப்பில் கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு குடியேறினர். ஊரின் ஒரே பள்ளிக்கூடமும் ஓடு பிரிக்கப்பட்டு வானம் பார்த்துக் கிடந்தது.

கருத்தக்கண்ணன் அந்தத் தோப்பில் குடிசை போட்டவர்களுள் ஒருவன். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வாழையும் வைத்திருந்த குடியானவன். அவனுக்கு எழுத்து வராது. ஆனால் தன் மகள் ராமுத்தாய் இரண்டாம் வகுப்பில் பாடத்தை எழுத்துக் கூட்டாமல் படிப்பதைக் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நிற்பான். மகன் பிச்சைமணி முதல் வகுப்பு. படிப்பதைக் காட்டிலும் பலகையை நக்கி அழிப்பதில் வல்லவன். பிளேக்குக்கு அஞ்சியதைப் போலவே கருத்தக்கண்ணன் இன்னொன்றுக்கும் அஞ்சினான். சபை சிக்கனத்துக்காக ஏதோ ஒரு பள்ளியை நிரந்தரமாக எடுத்துவிடப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. கூரையில்லாத பள்ளி சபையின் கண்ணில் முதலில் படும் என்று அவன் நினைத்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஒருநாள் மாலை அம்மாவாசி வாத்தியார் குடிசைக்கு வந்தார். ஓடைக்கரைப்பட்டிப் பள்ளியின் ஒரே ஆசிரியர் அவர். கையில் அச்சடித்த தாள். முகத்தில் தாமே அதை எழுதியதுபோன்ற குற்றவுணர்ச்சி.

"கருத்தக்கண்ணா, சபையிலேர்ந்து உத்தரவு வந்திருக்கப்பா. வர்ற வெள்ளிக்கிழமை இல்லக் கல்வி நாளாம்."

"அப்படின்னா என்னங்கய்யா?"

"பள்ளிக்கூடம் மூடியிருக்கில்ல? அதனால பிள்ளைக வீட்டுலயே படிக்கணுமாம்."

"வீடும் மூடித்தானேய்யா இருக்கு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடை தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் அவர் செய்வது அது. பிறகு சொன்னார்: "நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் ஒரே வீட்டுல இருக்கிறது உன் வீட்டுலதான். அதனால உன் வீடுதான் மாதிரி இல்லம். டிப்டி இன்ஸ்பெக்டர் வாராக. தலைவரும் வாராக. நல்லா நடந்தா நம்ம பள்ளிக்கூடம் பொழைக்கும். நடக்கலேன்னா எடுத்துருவாக. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

பள்ளிக்கூடம் பொழைக்கும் என்ற அந்த ஒரு வாக்கியத்தில் கருத்தக்கண்ணன் கட்டுண்டான்.

தாளை வாத்தியார் வாசித்தார். விடியலில் மன்னர் வாழ்த்தும் பல் பரிசோதனையும். அதன்பின் வீட்டு விலங்காகிய பூனையை உற்றுநோக்கி அதன் நற்குணங்களைக் கூறல். பிறகு சமையற்பாத்திரங்களைக் கொண்டு எண்ணறிவு. நண்பகலில் களிமண்ணால் நாற்காலி செய்தல். பிற்பகலில் தாய் கதை சொல்ல, தந்தை அதன் நீதியை விளக்கல். இறுதியாகக் குடும்பத்தார் அனைவரும் கூடி மௌனம் காத்தல்.

கருத்தக்கண்ணனின் மனைவி சங்கிலியம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டிருந்தாள். "சும்மா இருக்கிறதுக்கும் ஒரு ஆபீசரு வந்து மேல்பார்வை பாக்கணுமாக்கும்?" என்றாள்.

"ஆத்தா, மெதுவாப் பேசு" என்றார் வாத்தியார், தோப்பில் சபையின் காதுகள் முளைத்திருப்பதுபோல.

குடிசையா பூட்டிய வீடா, வீடு எது என்னும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வாத்தியார் மறுநாளே சபை அலுவலகத்துக்கு நடந்தார். மாலையில் தீர்ந்த ஐயத்தோடு அல்ல, தேய்ந்த செருப்போடு திரும்பினார். 'இல்லம் எனப்படுவது நான்கு சுவரும் கதவெண்ணும் உடையது' என்று சபையின் விதி சொல்லுகிறதாம். கதவெண் உள்ள வீட்டில் நுழையக் கூடாது என்று சுகாதார இலாகா சொல்லுகிறதே என்று இவர் கேட்டிருக்கிறார். 'அது வேறு இலாகா. அவர்களுடைய எலிகளுக்கு நாங்கள் பொறுப்பாளர் அல்லோம்' என்று விடை கிடைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பள்ளிகளைப் பார்வையிடும் டிப்டி இன்ஸ்பெக்டர் அப்பாத்துரை வில்வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். எதையும் நேராகப் பார்க்காமல், முதலில் தாளைப் பார்த்து, அதில் அது இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பின்பே நிமிர்ந்து பார்ப்பார். சூரியன் உதித்திருந்ததையும் அவர் அவ்வாறே ஒப்புக்கொண்டார்.

பல் பரிசோதனையில் தகராறு இல்லை. பிச்சைமணிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தபடியால், 'பல் தூய்மை: குறையொன்றும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது விலங்கு. சங்கிலியம்மாள் வெள்ளாட்டை இழுத்துவந்து நிறுத்தினாள்.

"தாளில் பூனை என்று இருக்கிறது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூனை செத்த எலியத் தின்னு செத்துப்போச்சுங்கய்யா. ஆடுதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் தாளை மறுபுறம் திருப்பிப் பார்த்தார். பின்பு, "சபையின் அனுமதியை எதிர்நோக்கி, இவ்வாட்டைத் தற்காலிகப் பூனையாகக் கொள்ளுவோம்" என்று பெருந்தன்மையோடு கூறிவிட்டுப் பிச்சைமணியிடம் திரும்பினார். "தம்பி, உற்றுநோக்கினாயா? இதன் நற்குணம் யாது?"

பிச்சைமணி ஆட்டை உற்றுநோக்கினான். "கறி நல்லா இருக்கும்" என்றான்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் 'பயன்பாட்டு நோக்கு' என்று எழுதிக்கொண்டு மேலே போனார்.

எண்ணறிவுக்கு இருபது பாத்திரங்கள் வேண்டும் என்றது உத்தரவு. கருத்தக்கண்ணனின் பானை சட்டிகள் பூட்டிய வீட்டில் கிடந்தன. குடிசையில் இருந்தவை கைவிரல்களுக்குள் அடங்கும். உண்மையாகவே எண்ணத் தெரிந்தவருக்கு ஒரு பானையைத் திரும்பத் திரும்ப எண்ணினாலும் போதும். ஆனால் உத்தரவுக்கு எண்ணத் தெரியாது. ஆகவே வாத்தியார் தோப்பில் குடிசை குடிசையாக ஓடி, அடுப்பிலிருந்த உலைப்பானைகளையும் இறக்கி வாங்கிவந்தார். ராமுத்தாய் எண்ணினாள், கூட்டினாள், கழித்தாள், பெருக்கியும் காட்டினாள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பானையையும் பென்சிலால் தட்டிப் பார்த்துச் சரி என்றார். அன்று அந்தத் தோப்பில் எண்ணறிவு பெருகிற்று. உலை மட்டும் எந்த வீட்டிலும் கொதிக்கவில்லை. பானையைத் திருப்பித் தருமாறு கேட்டு வந்த சந்தனம்மாளிடம், "பாடம் முடியவில்லை, பசியைச் சற்றுக் கழித்தல் கணக்காகக் கொள்ளும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்தாளு வீட்டுல அடுப்பு எரியுதான்னு யாராச்சும் போய்ப் பாத்துட்டு வாங்கடி" என்று சந்தனம்மாள் மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். அது மௌனப் பாடத்துக்கு முந்திய நேரமாதலால் குற்றமாகக் கருதப்படவில்லை.

நண்பகலில் களிமண். ராமுத்தாய் வண்டல் மண்ணைப் பிசைந்து, சாய்வும் கைப்பிடியும் வைத்து, வெகு கச்சிதமாக ஒரு நாற்காலி செய்தாள். இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாப்பா, நாற்காலி என்றால் நான்கு கால் அல்லவா? இதற்கு மூன்றுதானே இருக்கிறது?"

"பள்ளிக்கூடத்து நாற்காலிக்கு மூணுதாங்கய்யா. நாலாவதுக்கு வாத்தியாரய்யா கல்லு வச்சிருக்காக. நான் இன்னும் கல்லுச் செய்யல."

புதிய நாற்காலி கேட்டு வாத்தியார் விண்ணப்பித்த தாள்கள் இன்ஸ்பெக்டரின் அலுவலகத்தில்தான் உறங்கிக்கொண்டிருந்தன. ஆகவே அவர் அவசரமாக, 'குழந்தையின் கற்பனை வளம் வியக்கத்தக்கது' என்று எழுதினார்.

தாய் கதை சொல்லும் முறை வருமுன் தலைவர் வந்துவிட்டார். அவருடைய மோட்டார் வண்டி தோப்பின் எல்லையில் நின்றது. முதலில் இறங்கியவர் புகைப்படக்காரர்; அடுத்து இறங்கியது ஒரு ரோஜா மாலை; இறுதியாகத் தலைவர் இறங்கினார். மாலையை வாத்தியாரிடம் கொடுத்து, அதைத் தமக்கே போடச் சொல்லி, எதிர்பாராமல் கிடைத்த மரியாதைக்கு நன்றி கூறினார். யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே இவ்வளவும் செய்தது அவருடைய பழக்கத்தின் சிறப்பு.

"எங்கே இல்லம்?" என்றார்.

கருத்தக்கண்ணன் குடிசையைக் காட்டினான்.

"இது கொட்டகை. நமக்கு வேண்டியது கதவெண் தெரியும் புகைப்படம். குழந்தைகள் தத்தம் இல்லத்தினுள்ளே, அடுப்பங்கரையில் அமர்ந்து கற்கும் காட்சி. மேலிடத்துக்கு அனுப்பவேண்டும்."

"ஐயா, அங்கன எலி விழுந்திருக்குங்க" என்றான் கருத்தக்கண்ணன். "கதவப் பூட்டிட்டுல்ல வந்திருக்கோம்."

"பூட்டியதைத் திறக்கச் சாவி இருக்குமே?"

இருந்தது. கருத்தக்கண்ணனின் அரைஞாணில் தொங்கிற்று. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

அனைவரும் ஆற்றைக் கடந்தனர். தலைவரை இருவர் தூக்கிச் சென்றனர். தோப்பில் இருந்தவர்களும் பின்னால் வந்தனர். தங்கள் பானைகளும் படத்துக்காகச் சபையின் பொறுப்பில் ஆற்றைக் கடந்தன என்பது ஒரு காரணம். ஆளற்ற தெருவில் ஓடில்லாத வீடுகள் வரிசையாக நின்றன. நாய்கூட இல்லை. கருத்தக்கண்ணனின் வீட்டு வாசலை நெருங்கும்போதே, கதவிடுக்கு வழியாக ஒரு நாற்றம் வந்தது. அது என்ன என்று கேட்பார் யாரும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் கதவுக்கு எதிரே, ஆனால் தெருவின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு, பேசத் தொடங்கினார்.

"அன்னையரே! தந்தையரே! நோய் உடலைச் சார்ந்தது. கல்வி ஆன்மாவைச் சார்ந்தது. அழியும் உடலுக்கு அஞ்சி அழியாத ஆன்மாவைப் பட்டினி போடலாமா? இவ்வூருக்கு வருமுன் நான் இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன். அது அச்சத்தினால் அன்று. என் உடல் என்னுடையது அன்று; அது சபையின் சொத்து. சபையின் சொத்தைக் காக்கும் கடமை எனக்கு உண்டு. உங்கள் குழந்தைகள் உங்கள் சொத்து. ஆகவே அவர்களை எங்கே உட்காரவைப்பது என்னும் உரிமையில் சபை தலையிடாது. உள்ளே உட்காரவையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறது."

வாத்தியார் கருத்தக்கண்ணனின் காதருகே வந்தார். "ஒரு படம் எடுக்கிற நேரந்தானப்பா" என்றார். "பள்ளிக்கூடம் போயிரும். நான் என்ன செய்யுறது?" என்று சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே கேட்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கருத்தக்கண்ணன் சாவியைக் கையில் எடுத்தான். ராமுத்தாய் அவனுடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் இந்தக் கதவைத் திறக்கவேண்டும். இந்தக் கதவைத் திறந்தால் பள்ளிக்கூடம் போக யார் இருப்பார்கள் என்பது தெரியாது. அவனுக்கு அறிவுரை கூறக்கூடிய கல்விமான்கள் அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தனர். அவர்கள்தாம் திறக்கச் சொன்னார்கள். பூட்டுக்கும் சாவிக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்தது. அவன் கை அதற்குமேல் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அப்போது சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, பெரியவுக சொன்னா நாங்க தட்ட மாட்டோம். ஆனா எங்க ஊருல ஒரு முறை இருக்கு. ராக்கையாவக் கேளுங்க, சொல்லுவாரு."

தலையாரி ராக்கையா முன்னே வந்து கைகட்டி நின்றார். முறை உண்மையிலேயே இருந்தது. கொள்ளைநோய்க்கு விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பும்போது, கூடியிருப்பவர்களுள் மதிப்பால் உயர்ந்தவர் எவரோ, அவரே உப்பும் விளக்கும் ஏந்தி முதலில் உள்ளே போவார். மூலைக்கு மூலை உப்பைத் தூவி, நடுவீட்டில் விளக்கை ஏற்றி, எண்ணெய் வற்றி அது தானாக அணையும்வரை அதன் அருகிலேயே அமர்ந்திருப்பார். பெரியவர் அப்படி அமர்ந்து எழாத வீட்டுக்குள் பிள்ளைகளை ஓடைக்கரைப்பட்டியார் விட்டதே இல்லை.

"முதல் மரியாதைங்க" என்றார் ராக்கையா பணிவாக. "வழக்கமா எங்க ஊர்ப் பெரியவரு முத்துவீரன் அய்யாதான் போவாக. இன்னிக்கு இங்கன தலைவரய்யா இருக்கும்போது அவுக போறது மொறையில்லைங்க."

முதல் மரியாதை என்னும் சொல் காதில் விழுந்ததும் தலைவரின் முகம் மலர்ந்தது, மாலையைச் சரிசெய்துகொண்டார். புகைப்படக்காரரைப் பார்த்து, "இதையும் ஒரு படம்" என்றார். ஒருவர் தோப்புக்கு ஓடிப்போய் உப்பும் அகலும் எண்ணெயும் கொண்டுவந்தார். ஒருவர் அகலில் எண்ணெய் வார்த்தார். தாராளமாகவே வார்த்தார். அகலைக் கையில் வாங்கிய பின்புதான், எங்கே போகவேண்டும் என்பது தலைவருக்கு விளங்கிற்று.

"கண்ணா, கதவத் தெற" என்றார் முத்துவீரன். "தலைவரய்யா நிக்கிறாகல்ல?"

"இரும், இரும்" என்றார் தலைவர். "முறை என்றால் முறையாகவே செய்யவேண்டும். பதவியால் நான் பெரியவன். ஆனால் கல்வியால் நம் டிப்டி இன்ஸ்பெக்டர்தாம் பெரியவர். கல்விக்குரிய நாளில் கல்விக்கே முதன்மை." என்று அகலை இன்ஸ்பெக்டரின் கையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். அதில் அகல் இல்லை. "என் பணி பார்வையிடுதல். பார்வையிடுதல் என்பது புறத்தே நின்று செய்வது. உள்ளே சென்று விளக்கு அணையும்வரை அமர்ந்தால் அது குடியிருத்தல் ஆகிவிடும். மாதிரி இல்லத்தில் அதிகாரி குடியிருக்க விதியில் இடமில்லை." என்று அகலைப் புகைப்படக்காரரிடம் நீட்டினார்.

"எனக்கென்னங்க? நான் கூலிக்கு வந்தவன். உள்ள இருட்டா இருக்கும், படம் விழாது" என்றார் புகைப்படக்காரர் பின்வாங்கிக்கொண்டே.

"இருட்டெல்லாம் இல்லைங்க" என்றாள் சங்கிலியம்மாள். "ஓட்டத்தான் பிரிச்சுப்புட்டாகளே, உள்ள பட்டப்பகலா இருக்கும். யாருன்னாலும் சீக்கிரம் போங்க சாமி. பிள்ளைக காலையிலேர்ந்து கஞ்சி குடிக்கல, பானையெல்லாம் பாடம் படிச்சுக்கிட்டிருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். உடனே பலர் இருமினர்.

தலைவர் திடுக்கிட்டவராக, "என்ன? கூரை இல்லையா?" என்றார். "அதை ஏன் முன்பே சொல்லவில்லை?" தலை நிமிர்ந்து பார்த்தார், வானம் தங்குதடையின்றி வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஓர் ஒளி படர்ந்தது. அதை ஞானம் என்று சபைக் குறிப்பு பின்னர் வருணித்தது.

"அப்பாத்துரை, எழுதிக்கொள்ளும். கூரை உள்ள இடமே உட்புறம் எனப்படும். கூரை இல்லாத இடம் வெளிப்புறம். இவ்வில்லத்துக்குக் கூரை இல்லை. ஆகவே இதன் உட்புறமும் வெளிப்புறமே. உட்புறம் வெளிப்புறம் என இரண்டாகாமல் ஒன்றேயாகிவிட்டபடியால், வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரே ஆவர். நாம் அனைவரும் இப்போது இல்லத்தினுள் இருக்கிறோம்!"

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அவர் நாற்பது ஆண்டுகளாக எழுதியவற்றுள் அதுவே மிகத் தெளிவான வாசகமாக அவருக்குத் தோன்றிற்று. தெருவில், கதவெண் தெரியும்படி, குழந்தைகள் இருவரும் பானைகளின் நடுவே உட்காரவைக்கப்பட்டனர். புகைப்படம் எடுக்கப்பட்டது. தலைவர், இன்ஸ்பெக்டர், மாலை ஆகிய மூவரும் மையத்தில் விழுந்தனர். ராமுத்தாயின் தலை ஒரு சோற்றுப்பானைக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது. கருத்தக்கண்ணன் சாவியை அரைஞாணில் திரும்பக் கோத்தான். சங்கிலியம்மாள் முடிச்சுப் போட்டாள்.

சில நாளில் பாராட்டுத் தாள் வந்தது. 'ஓடைக்கரைப்பட்டியில் இல்லக் கல்வி நாள் முழு வெற்றி' என்று வாத்தியார் அதைத் தோப்பு முழுவதும் வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் பிழைத்தது என்று பெண்கள் குலவையிட்டனர். கருத்தக்கண்ணன் முதல் வாழைத்தாரை வெட்டி வாத்தியார் குடிசையில் வைத்துவிட்டு வந்தான்.

பங்குனி வெயிலில் நோய் ஓய்ந்தது. முத்துவீரன் உப்பும் விளக்குமாக ஒவ்வொரு வீட்டிலும் முதலில் உள்ளே போய் அமர்ந்து எழுந்தார். அதற்கு அவர் விதி எதையும் புரட்டவில்லை. வீடுகளுக்கு ஓடு ஏறிற்று. ஊரார் பள்ளிக்கூடத்துக்கும் ஓடு ஏற்றத் தொடங்கினர். பாதிக் கூரை மூடியிருந்தபோது, தலைவரின் மோட்டார் மறுபடி வந்தது. இம்முறை கைக்குட்டை மூக்கில் இல்லை. கையில் ஒரு தீர்மானம் இருந்தது.

பள்ளி முற்றத்தில் ஊரார் கூடினர். தலைவர் உணர்ச்சி மேலிட்டுப் பேசினார்.

"ஓடைக்கரைப்பட்டிப் பெருமக்களே! நீங்கள் இப்பள்ளத்தாக்குக்கே வழிகாட்டிவிட்டீர்கள். தாயே ஆசிரியை, வீடே பள்ளி, பானையே புத்தகம் என்று நிரூபித்துவிட்டீர்கள். மற்ற ஊர்களில் இல்லக் கல்வி நாள் தோல்வியுற்றது. அங்கெல்லாம் பள்ளிக்கூடம் இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று. இங்கோ அது மகத்தான வெற்றி. பள்ளிக்கூடம் இன்றியே இவ்வளவு கற்கும் ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? ஆகவே சபை, பெருமகிழ்ச்சியோடு, இப்பள்ளியை இன்றுமுதல் நிரந்தரமாக எடுத்துவிடுகிறது. அம்மாவாசி ஆசிரியர் கெங்குவார்பட்டிப் பக்கம் மாற்றப்படுகிறார். இது தண்டனை அன்று. உங்கள் வெற்றிக்குச் சபை தரும் பரிசு."

கூரைமேல் ஓடு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டனர். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. கருத்தக்கண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லா நடந்தா பொழைக்கும்னாகளே" என்று மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். அவர் யார் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

சங்கிலியம்மாள் எழுந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்களுக்கும் வீடு இருக்குல்ல?"

"இருக்கிறதே. ஏன் அம்மா?"

"அப்போ சபைக்குன்னு தனியா ஒரு ஆபீசு எதுக்கு சாமி? அதையும் பூட்டிப்புட்டு, வீட்டுலயே ஒக்காந்து தலைவரா இருங்களேன். ஒங்க வீட்டம்மா பாத்துச் சொல்லட்டும், நல்லா நடக்குதா இல்லையான்னு."

முற்றம் சிரித்தது. கூரைமேலிருந்தவர்களும் சிரித்தனர். தலைவரும் சிரித்தார், பட்டம் எதிர்பார்ப்பவர் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல், 'இறுதியில் ஒரு தாய் சபைக்கு நன்றி நவின்றார்' என்று எழுதிக்கொண்டார். மோட்டார் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று.

மறுநாள் விடியுமுன் கருத்தக்கண்ணன் ராமுத்தாயை எழுப்பினான். பலகையையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டி வண்டிப்பாதையில் நடந்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தூரம்தான், ஆனால் கதவு திறந்திருக்கும் என்றார்கள். பிச்சைமணியால் அவ்வளவு தொலைவு நடக்க முடியாது. அவன் வீட்டிலேயே விடப்பட்டான். சபையின் கருத்துப்படி அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

பாதி வழியில் ஒரு வில்வண்டி எதிரே வந்து நின்றது. டிப்டி இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"எங்கே போகிறீர், குழந்தையுடன்?"

"பள்ளிக்கூடத்துக்குங்க."

"நடந்தேவா?"

"நடந்துதாங்க."

இன்ஸ்பெக்டரின் கண்கள் அகன்றன. தாளை எடுத்தார், அதில் அது இல்லை என்பதைக் கண்டு பேருவகை கொண்டார். "நடைக் கல்வி!" என்றார். "தந்தையும் குழந்தையும் நடந்துகொண்டே கற்றல்! இயற்கை நோக்கல், உடற்பயிற்சி, எண்ணறிவு மூன்றும் ஒருங்கே! அற்புதமான திட்டம்! நில்லும், நில்லும். இதுவரை எத்தனை மரங்களின் பெயரைச் சொன்னாள்? அடுத்த மாதம் பள்ளத்தாக்கு முழுவதும் நடைக் கல்வி நாள்! உம்மையே மாதிரித் தந்தையாக…"

கருத்தக்கண்ணன் மகளைத் தூக்கித் தோள்மேல் வைத்தான். பாதையை விட்டு இறங்கி, நெல் வயலுக்கு நடுவே ஓர் ஆள் மட்டுமே நடக்கக்கூடிய ஈர வரப்பில் கால் வைத்து, வேகமாகப் போனான்.

"அவர் பின்னாலேயே வண்டியை விடு!" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். வண்டிக்காரர் உத்தரவுக்குப் பணிந்து சாட்டையை ஓங்கினார்; மாடுகள்தாம் வயலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டன.